சதைக்குள் இறங்கும் கால் நகம்... நடவுக்கு முன்பே கவனிங்க!

மாட்டுக்கு லாடம் அடிப்பவர் எடுத்த எடுப்பில் ஆணியை இறக்குவதில்லை. வளர்ந்த குளம்பைச் சீவி, சமன்செய்த பிறகே லாடத்தைப் பொருத்துவார். குளம்பு கோணினால் மாடு நொண்டும், வேலைக்கு உதவாது என்பது விவசாயிகளுக்குத் தெரியும். ஆனால், அதே விவசாயி தன் கால் நகத்தை, அது சீழ் பிடித்து வலிக்கும் வரை திரும்பிப் பார்ப்பதில்லை.

கால் பெருவிரல் நகத்தின் ஓரம், பக்கத்துச் சதையைக் குத்திக்கொண்டு வளர்வதுதான் 'உள்வளர் நகம்'. பார்வைக்குச் சின்னப் பிரச்னை. ஆனால், வரப்பில் நடக்க முடியாது. செருப்பு போட முடியாது. நடவு வயலில் இறங்க முடியாது. சர்க்கரை நோய் உள்ளவர் கவனிக்காமல் விட்டால், விரலையே இழக்கும் நிலைகூட வரலாம்.

காரணம், நகம் வெட்டும் முறை

பெரும்பாலும் இது நாமே வரவழைத்துக்கொள்வது. கால் நகத்தைக் கை நகம் போல வளைத்து, மூலையைத் தோண்டி வெட்டும்போது, ஓரத்தில் முள் போன்ற ஒரு துணுக்கு கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடுகிறது. நகம் முன்னோக்கி வளர வளர, அந்தத் துணுக்கு சதையைக் குத்துகிறது. கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். அதனால், வெட்டிச் சில வாரங்கள் கழித்தே வலி தொடங்குகிறது. வெட்டிய முறையால் வந்த வினை என்று யாருக்கும் தோன்றுவதில்லை. வலிக்கிறதே என்று மறுபடியும் மூலையைத் தோண்டுகிறார்கள். துணுக்கு இன்னும் ஆழத்தில் தங்குகிறது.

விரலை இறுக்கும் ஷூவும் ஒரு காரணம். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிறியதாகிவிட்ட ஷூ, மருந்து தெளிக்கும்போது போடும் அளவு பொருந்தாத கம்பூட் இரண்டுமே நகத்தைச் சதையோடு சேர்த்து அழுத்தும். மண்வெட்டி விழுந்து அடிபட்ட நகமும், பிறவியிலேயே வளைந்த நகமும் உள்ளே இறங்கலாம். நாள் முழுக்கச் சேற்றுத் தண்ணீரில் நின்றால் தோல் ஊறி மென்மையாகிவிடும். அப்போது நகம் எளிதாகக் குத்தும். அந்தக் காயத்தின் வழியே கிருமியும் நுழையும்.

விரலிடுக்கில் வரும் சேற்றுப்புண் வேறு. நகத்தைச் சுற்றிய தோல் வீங்கும் நகச்சுற்று வேறு. இதில் வலி, நகத்தின் ஒரு பக்க ஓரத்தில், அழுத்தினால் 'சுருக்'கென்று தெரியும்.

ஆரம்பத்தில் வீட்டிலேயே சரிசெய்யலாம்

சிவப்பும் வலியும் மட்டும் இருந்து, சீழ் இல்லை என்றால்:

* பொறுக்கும் சூடுள்ள நீரில் சிறிது கல் உப்பு போட்டு, 15 நிமிடம் காலை வைக்கவும். தினமும் மூன்று வேளை செய்யலாம்.
* நகம் மென்மையானதும், பக்கத்துச் சதையை விரலால் மெதுவாக நகத்தைவிட்டு விலக்கவும்.
* சுத்தமான பஞ்சைத் திரிபோலத் திரித்து, நக ஓரத்தின் அடியில் மெல்ல வைக்கவும். தினமும் மாற்றவும்.
* காலை ஈரமில்லாமல் துடைத்து, விரலை இறுக்காத திறந்த செருப்பு அணியவும். சேற்றில் இறங்க வேண்டாம்.

ஒரு வாரத்தில் குறையாவிட்டாலும், சீழ் வந்தாலும், ஓரத்தில் சிவந்த சதை வளர்ந்தாலும் மருத்துவரிடம் செல்லவும். காய்ச்சல் வந்தாலோ, சிவப்பு பாதத்தில் பரவினாலோ, அன்றே போக வேண்டும். சாணமும் தொழு உரமும் கலந்த மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கும். தடுப்பூசி எப்போது போட்டது என்பதையும் மருத்துவரிடம் சொல்லவும்.

பிளேடு, முள்வாங்கி, அரிவாள் முனையால் தோண்டக் கூடாது. சுண்ணாம்பு, எருக்கம்பால், மண்ணெண்ணெய் வைக்கக் கூடாது. இவை தோலைப் புண்ணாக்கும். உள்ளே இருக்கும் நகத் துணுக்கை எடுக்காது.

கோரையும் நகமும்

கோரையின் தாளை மட்டும் பிடுங்கினால், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு மறுபடி முளைக்கும். நகமும் அப்படித்தான். முழு நகத்தைப் பிடுங்கினாலும், வேர்ப்பகுதி இருப்பதால் திரும்ப வளரும். மீண்டும் சதைக்குள் இறங்கலாம். அதனால், அடிக்கடி தொல்லை கொடுக்கும் நகத்துக்கு, விரலை மரத்துப்போகச் செய்து, குத்தும் ஓரத்தை மட்டும் நீளவாக்கில் வெட்டி எடுக்கிறார்கள். அந்த ஓரத்தின் வேரில் பீனால் என்ற மருந்தை வைத்து, அது மீண்டும் முளைக்காமல் செய்கிறார்கள். இது மருத்துவர் மட்டுமே செய்ய வேண்டிய வேலை. பொதுவாக அன்றே வீடு திரும்பலாம். ஆனால், முழுமையாக ஆறச் சில வாரங்கள் ஆகும். சீழ் இல்லாதவர்கள், நடவும் அறுவடையும் இல்லாத நாள்களாகப் பார்த்துச் செய்துகொள்ளலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு வீட்டு வைத்தியம் வேண்டாம்

'செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை' என்று சொல்பவர்களுக்குக் கால் நரம்பு மரத்துப்போயிருக்கிறது என்று பொருள். நகம் குத்துவதும் தெரியாது. வெந்நீர் சுடுவதும் தெரியாது. ரத்த ஓட்டம் குறைந்த காலில் புண் ஆறுவதும் தாமதமாகும். எனவே, இவர்கள் வெந்நீரில் கால் வைக்காமல், முதல் நாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். தமிழகத்தில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் காலில் உள்ள பிரச்னையைச் சொல்லலாம்.

வாசகர்கள் கேட்பவை

*நகத்தின் நடுவில் 'வி' வடிவில் வெட்டினால் ஓரம் வெளியே வருமா?*

வராது. நகம் அடியில் உள்ள வேரிலிருந்து வளர்கிறது. நுனியில் எந்த வடிவில் வெட்டினாலும், ஓரம் வளரும் திசை மாறாது.

*அப்படியானால் எப்படி வெட்டுவது?*

குளித்த பிறகு, நகம் மென்மையாக இருக்கும்போது, நேர்கோடாக வெட்டவும். மூலை வெளியே தெரிய வேண்டும். சதையை ஒட்ட வெட்டாமல், சிறிது நகம் விடவும். மூலை கூர்மையாக இருந்தால் அரத்தால் லேசாகத் தேய்த்தால் போதும். வீட்டில் ஒருவருக்கு நகப் பூஞ்சணம் இருந்தால், அவருக்குத் தனி நகவெட்டி வைக்கவும்.

நடவு தொடங்க இன்னும் ஒரு வாரம் இருக்கும்போதே வீட்டில் எல்லோருடைய காலையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். கண் தெரியாத, குனிய முடியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வெட்டிவிடலாம். நாற்று விடும் நாளில் கவனித்தால் உப்பு நீரோடு முடியும். நடவு நாளில் கவனித்தால் கூலியும் போகும், காலும் கெடும்.