எல்லாப் பூனைகளும் குரைக்கும் என்று வைத்துக்கொள்வோம்

வங்கித் தேர்வுக்கோ சட்டப் படிப்பின் நுழைவுத் தேர்வுக்கோ ‘ரீசனிங்’ பயிலும் யாரிடமாவது இந்த மூன்று வரிகளைக் காட்டிப் பாருங்கள். அடிமையாக்கும் பொருள் எதுவும் மலிவானதல்ல. சில சிகரெட்டுகள் மலிவானவை. ஆகவே சில சிகரெட்டுகள் அடிமையாக்குவதில்லை.

மூன்றாவது வரி முதல் இரண்டிலிருந்து கிடைக்கிறதா? கிடைக்கிறது. மலிவாக உள்ள அந்தச் சில சிகரெட்டுகள், முதல் வரியை ஏற்றுக்கொண்டால், அடிமையாக்கும் பொருள்களின் கூட்டத்துக்குள் நுழையவே முடியாது. ஆனாலும் படித்தவுடன் ‘தவறு’ என்று கட்டத்தை நிரப்பக் கை துடிக்கிறது. சிகரெட்டைப் பற்றி நமக்கு ஏற்கெனவே தெரியும். அந்த அறிவு, யாரும் கேட்காமலேயே முந்திக்கொண்டு விடை சொல்லிவிடுகிறது.

1983இல் பிரிட்டனில் ஜோனதன் எவன்ஸும் அவருடைய இரண்டு சகாக்களும் இத்தகைய கேள்விகளைக் கொடுத்துச் சோதித்தார்கள். தர்க்கப்படி சரியாகவும் நம்பும்படியாகவும் இருந்த முடிவுகளைப் பங்கேற்றவர்கள் 89 சதவீத வேளைகளில் ‘சரி’ என்றார்கள். அதே அளவு சரியான, ஆனால் நம்ப முடியாத முடிவுகளுக்கு அந்த ஒப்புதல் 56 சதவீதமாகச் சரிந்தது. என்னை அதிகம் திடுக்கிட வைப்பது மூன்றாவது எண். தர்க்கம் தவறு, ஆனால் கேட்க நியாயமாக இருக்கிறது என்ற வகை முடிவுகளை 71 சதவீத வேளைகளில் ஏற்றுக்கொண்டார்கள். அதாவது, உண்மையான ஒன்றைக் கேட்டால் அது எந்த வழியாக வந்தது என்று மனம் விசாரிப்பதில்லை.

இந்தச் சறுக்கலை மூளைக்குள்ளேயே பார்க்க முயன்றவர்கள் வினோத் கோயலும் ரேமண்ட் டோலனும். 2003இல் வெளியான அவர்களது ஆய்வில், நம்பிக்கையும் தர்க்கமும் மோதும் கேள்விகளுக்கு ஒருவர் சரியாக விடையளித்தபோது மூளையின் முன்புறத்தில் வலப்பக்கப் பகுதி ஒன்று கூடுதலாக இயங்கியது. நம்பிக்கைக்கு வசப்பட்டுத் தவறியபோதோ, நெற்றிக்குப் பின்னே நடுவில், கீழ்ப்புறமாக உள்ள வேறொரு பகுதி இயங்கியது. சரியான விடைக்கு, தெரிந்ததைச் சற்று நேரம் அடக்கிவைக்கும் வேலையும் தேவைப்படுகிறது என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள்.

அப்படியானால் இந்த அடக்கம் பிறவியிலேயே வருவதா? இதற்கு விடை தேட உஸ்பெகிஸ்தான் வரை போக வேண்டும். 1931, 1932ஆம் ஆண்டுகளில் சோவியத் உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா அங்குள்ள கிராமங்களுக்குச் சென்று, எழுத்தறியாத உழவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். பனி மூடிய தூர வடக்கில் கரடிகளெல்லாம் வெள்ளை. நோவயா செம்லியா தூர வடக்கில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? பலர் விடை சொல்ல மறுத்துவிட்டார்கள். நாங்கள் பார்த்ததில்லை, பார்க்காததைப் பற்றிப் பேச மாட்டோம், அங்கே போய் வந்தவரைக் கேளுங்கள் என்றார்கள். கொஞ்சம் படித்தவர்களோ, தயங்காமல் ‘வெள்ளை’ என்றார்கள். லூரியாவின் இந்தப் பதிவுகள் நூலாக வெளிவர 1974 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த உழவர்களுக்குத் தர்க்க அறிவு இல்லை என்று முடிவுகட்டிவிடுவது எளிது. அது தவறு. ‘பார்த்ததை மட்டுமே பேசுவேன், அந்தக் கரடியைப் பார்த்ததில்லை, ஆகவே பேச மாட்டேன்’ என்பதே பிழையற்ற தர்க்கம். அந்த உழவர், கேள்வி கேட்டவரின் கூற்றிலிருந்து தொடங்கவில்லை, தன் அனுபவத்திலிருந்து தொடங்கினார். வேறுபாடு அவ்வளவே. லைபீரியாவில் ஆய்வு செய்த சில்வியா ஸ்கிரிப்னரும் இதையே எடுத்துக்காட்டினார். சில ஆண்டுப் பள்ளிப் படிப்பு இருந்தாலே போதும், கேட்டவரின் கூற்றுக்குள் நின்று விடை சொல்லும் பழக்கம் வந்துவிடுகிறது என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தது.

இன்னும் வியப்பு, சிறு குழந்தைகளாலும் அது முடியும் என்பது. 1988இல் மரியா டயஸும் பால் ஹாரிஸும் வெளியிட்ட ஆய்வில் சின்னஞ்சிறு குழந்தைகளிடம் ‘எல்லாப் பூனைகளும் குரைக்கும். ரெக்ஸ் ஒரு பூனை. ரெக்ஸ் குரைக்குமா?’ என்ற வகைக் கேள்விகள் கேட்கப்பட்டன. வெறுமனே கேட்டபோது பல குழந்தைகள் ‘குரைக்காது, பூனை மியாவ் என்றுதான் கத்தும்’ என்ற போக்கில் விடை சொன்னார்கள். விளையாட்டாக, கற்பனைக் கதை போலச் சொன்னபோது, அதே வயதுக் குழந்தைகள் ‘ஆமாம், குரைக்கும்’ என்றார்கள். திறமை உள்ளே இருந்தது. ‘இப்போது இந்தக் கதைக்குள் இருக்கிறோம்’ என்ற உடன்பாடு மட்டும்தான் தேவைப்பட்டது. பயிற்சி மையத்தில் நாம் மாதக்கணக்கில் கற்பது பெரும்பாலும் அந்த உடன்பாட்டைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

கூற்றை அப்படியே ஏற்றுத் தொடங்கும் இந்தப் பழக்கத்துக்கு நேர் எதிரான தர்க்க மரபு ஒன்று தமிழிலேயே இருக்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நெறியைப் பாடமாகச் சொல்கிறார். அந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையில் காண்பது போல என்பது அதில் வரும் எடுத்துக்காட்டு. காதையின் பெரும்பகுதி தவறுகளின் பட்டியலுக்கே போகிறது. மேற்கோளில், அதாவது நிறுவ முன்வைக்கும் கூற்றில், வரும் பிழை 9, காரணத்தில் வரும் பிழை 14, எடுத்துக்காட்டில் வரும் பிழை 10, ஆக 33. பௌத்தத் தர்க்க அறிஞர் திக்நாகரின் மரபில் வந்த சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலோடு இது நெருங்கி ஒத்துப்போவதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

கண்ணும் காதும் உணர்வதற்கு மாறாக ஒரு மேற்கோளை வைப்பதே அங்கு ஒரு பிழை. அறவண அடிகளின் வகுப்பில் ‘எல்லாப் பூனைகளும் குரைக்கும்’ என்று தொடங்கியிருந்தால் முதல் வரியிலேயே நிறுத்தியிருப்பார். அந்தத் தர்க்கம் உண்மையைக் கண்டடைவதற்கானது, ஆகவே தொடக்கமும் உண்மையாக இருக்க வேண்டும். தேர்வுத்தாளின் தர்க்கம் அரிஸ்டாட்டில் வழி வந்தது. வாக்கியங்களுக்கு இடையிலான பிணைப்பை மட்டுமே பார்க்கும், வாக்கியம் மெய்யா என்று பார்க்காது. உஸ்பெக் உழவர் நின்ற இடம் அறவண அடிகளுக்குப் பக்கத்தில். ரீசனிங்கில் மதிப்பெண் குறையும் பிள்ளையை ‘மூளை போதாது’ என்று திட்டுகிற வீடுகளில் இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

சரி, பயிற்சியால் என்ன நடக்கிறது? வங்கி அதிகாரி பணிக்கான ஐபிபிஎஸ் முதல்நிலைத் தேர்வில் ரீசனிங் பகுதிக்கு 35 கேள்விகள், 20 நிமிடங்கள். கேள்வி ஒன்றுக்கு சுமார் 34 விநாடி. விடை தவறானால் அந்தக் கேள்விக்குரிய மதிப்பெண்ணில் கால்பங்கு போய்விடும். இந்த வேகத்தில், கூற்றுகளை மனத்தில் சுமந்துகொண்டே யோசிக்க முடியாது. ஒரே நேரத்தில் நினைவில் பிடித்துவைக்கக்கூடியவை மிகச் சிலவே. அதனால்தான் ஆசிரியர்கள் வட்டம் போடச் சொல்கிறார்கள். கணித மேதை ஆய்லர் ஜெர்மானிய இளவரசி ஒருத்திக்கு எழுதிய கடிதங்களில் இந்த வட்டங்களைக் கொண்டு தர்க்கம் சொல்லிக்கொடுத்தார். அவை 1768இல் அச்சேறத் தொடங்கின. தாளில் வட்டம் விழுந்ததும் சுமை நினைவிலிருந்து கண்ணுக்கு மாறுகிறது. கூடவே சிகரெட்டு, பூனை என்ற பெயர்கள் மறைந்து வெறும் வட்டங்கள் மிஞ்சுகின்றன. முந்திக்கொண்டு பேச அறிவுக்கு அங்கே எதுவும் இல்லை.

மூளையிலேயே மாற்றம் நிகழ்கிறது என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்கச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டுக்குப் பயிற்சி எடுத்தவர்களை, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஆலிசன் மாக்கியும் சில்வியா பஞ்சும் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் சுமார் 100 மணி நேர வகுப்பு. முன்னும் பின்னும் மூளையைப் படமெடுத்தார்கள். நரம்பிழைகள் செல்லும் வெண்பகுதியில் நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் எவ்வளவு பரவுகின்றன என்று அந்தப் படம் காட்டும். பயிற்சி பெற்றவர்களிடம், முன்மூளையின் இரு பக்கங்களையும் இணைக்கும் இழைகளில் பக்கவாட்டுப் பரவல் குறைந்திருந்தது. இழைகளைச் சுற்றிய உறை வலுப்பட்டதன் அடையாளமாக இதைக் கொள்கிறார்கள். சட்டம் படிக்க எண்ணி, அப்போது பயிற்சி எடுக்காதிருந்த மாணவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஆய்வு சிறியது. கேள்விகளைத் தீர்ப்பவர் வாழ்க்கையிலும் தெளிவாகச் சிந்திப்பார் என்று அது சொல்லவில்லை. ஆனாலும் தேர்வுக்குப் படிப்பது மூளையின் இழைகளைத் தொடுகிறது என்பதே எனக்குப் பெரிய செய்தி.

எப்படிப் பழகுவது என்பதில்தான் நம் பயிற்சி நூல்கள் ஏமாற்றமளிக்கின்றன. ஒரு வகைக் கேள்வியில் ஐம்பது, அடுத்த வகையில் ஐம்பது என்று அடுக்கித் தருகிறார்கள். 2007இல் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் கல்லூரி மாணவர்களுக்குக் கனஅளவுக் கணக்குகளை இரு விதமாகக் கொடுத்தார்கள். வகை வகையாகப் பிரித்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள், கலந்து போட்டவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது பிரித்துப் போட்டவர்களுக்கு 20, கலந்து போட்டவர்களுக்கு 63. கணக்குத் தெரிவது ஒன்று, இது எந்த வகைக் கணக்கு என்று கண்டுகொள்வது இன்னொன்று. தேர்வுக் கூடத்தில் இரண்டாவதுதான் முதலில் வேண்டும்.

ஆகவே படிக்கிறவர்களுக்கு: கேள்விகளைக் கலந்து போடுங்கள். விடை தவறினால், எந்த இடத்தில் கூற்றைவிட்டுச் சொந்த அறிவுக்குத் தாவினீர்கள் என்று பக்கத்திலேயே எழுதுங்கள். தமிழில் பயிற்சி நூல் அச்சிடுவோருக்கு: கடைசிப் பக்கத்தில் அ, ஆ, இ, ஈ என்று எழுத்துகளை மட்டும் வரிசையாகப் போடுவதை நிறுத்துங்கள். தவறான விடை ஒவ்வொன்றும் ஏன் தவறு என்று ஒரு வரியாவது எழுதுங்கள். அறவண அடிகள் 33 பிழைகளைப் பெயர் சொல்லிக் கற்பித்திருக்கிறார்.