ஞாயிற்றுக்கிழமை டச்சு, திங்கட்கிழமை இங்கிலீஷ்

சனிக்கிழமை சாயங்காலம். அடுப்பங்கரையில் வீட்டு அம்மாள் மறுநாளைக்கு வேண்டிய உருளைக்கிழங்கு முழுவதையும் தோல் சீவித் தண்ணீரில் போட்டு வைக்கிறாள். மூத்த பையன் வீட்டில் உள்ள அத்தனை பேருடைய பாதரட்சைகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு துடைக்கிறான். இரண்டாமவன் விறகை உள்ளே கொண்டுவந்து அடுக்குகிறான். சின்னஞ்சிறுசுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் குளிப்பாட்டியாகிறது. இவ்வளவு அவசரம் எதற்கென்றால், பொழுது விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. அன்று கத்தியைத் தொடக்கூடாது, ஊசியைத் தொடக்கூடாது, தெருவில் ஓடி விளையாடக்கூடாது. ஆண்டவனுடைய நாள் அது.

இந்த அடுப்பங்கரை எங்கே இருந்தது தெரியுமா? அமெரிக்காவில், மிச்சிகன் ராஜ்யத்துக் காட்டில். ஆனால் அங்கே பேசிய பாஷையோ டச்சு. ஊரின் பெயரே ஹாலந்து. கொஞ்ச தூரம் நடந்தால் ஸீலண்டு, அப்புறம் டிரெண்ட்டே, ஓவரைஸல், கிராஃப்ஷாப். எல்லாம் சொந்த தேசத்தில் விட்டு வந்த ஜில்லாக்களின் பெயர்கள், இடங்களின் பெயர்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு சர்ச்சு. சர்ச்சைச் சுற்றித்தான் ஊர்.

இவ்வளவு பேர் வீடு வாசலை விட்டு, கடல் கடந்து, காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்வானேன்?

மதத்துக்காக என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் பன்னிரண்டு வருஷத்துத் தொல்லை இருக்கிறது. ஹாலந்து தேசத்தின் புராட்டஸ்டண்டு சபையை அரசர் முதலாம் வில்லியம் 1816-ல் தம் அதிகாரத்துக்குள் கொண்டுவந்தார். பழைய கொள்கைகளில் பிடிப்புள்ளவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1834-ல் உல்ரம் என்னும் சிற்றூரின் பாதிரியார் ஹென்ட்ரிக் டி காக் தம் ஜனங்களோடு அரசாங்க சபையை விட்டு வெளியேறினார். மற்ற ஊர்களிலும் அப்படியே பிரிந்தார்கள். சர்க்கார் சும்மா இருக்குமா? இருபது பேருக்கு மேல் அனுமதியில்லாமல் கூடக்கூடாது என்று நெப்போலியன் காலத்துச் சட்டம் ஒன்று இருந்தது. அதைத் தூசி தட்டி எடுத்தார்கள். களஞ்சியத்தில் கூடிப் பிரார்த்தனை செய்தால் அபராதம். மறுபடியும் கூடினால் சிறை. சில வீடுகளில் சிப்பாய்களைக் கொண்டுவந்து தங்க வைத்தார்கள். அந்தச் சிப்பாய்களுக்குச் சமைத்துப் போட்டது யார் என்று சரித்திரப் புத்தகங்கள் எழுதுவதில்லை. வீட்டுப் பெண்கள்தான், வேறு யார்?

பிரிந்து போன இளம் பாதிரிமார்களில் ஒருவர் ஆல்பர்ட்டஸ் வான் ரால்ட்டே. அவர் மனைவி கிறிஸ்டினா டி மூன். கிறிஸ்டினாவின் சகோதரிகள் இருவரும்கூட இதே கட்சியைச் சேர்ந்த பாதிரிமார்களுக்கே வாழ்க்கைப்பட்டார்கள். மூன்று மாப்பிள்ளைகளுமே சர்க்காரின் கோபத்துக்கு ஆளானவர்கள்! அந்தத் தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

பிறகு கெடுபிடி ஓரளவு தளர்ந்தது. ஆனால் 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளுக்கு அதுதான் சோறு. பட்டினியும் மனக்கசப்பும் சேர்ந்தன. 1846-ம் வருஷம் வான் ரால்ட்டே குடும்பம், கைக்குழந்தை உட்பட ஐந்து குழந்தைகளுடன், 'ஸதர்னர்' என்ற கப்பலில் ஏறியது. நவம்பர் 17-ந் தேதி நியூயார்க்கில் இறங்கினார்கள். 1847 பிப்ரவரி 9-ந் தேதி, உறைபனியின் நடுவே, மிச்சிகன் ஏரிக்கு அருகிலுள்ள கறுப்பு ஏரிக் கரைக்கு முதல் கோஷ்டி போய்ச் சேர்ந்தது.

அந்த நிலம் ஆளில்லாத நிலமல்ல. ஒட்டாவா என்ற செவ்விந்திய ஜனங்கள் ஏற்கனவே அங்கே இருந்தார்கள். ஸ்மித் என்ற அமெரிக்கப் பாதிரியார் அவர்களிடையே ஊழியம் செய்துகொண்டிருந்தார். வந்தவர்களுக்கு அந்த முதல் குளிர்காலத்தில் ஒதுங்க இடம் கொடுத்தது அந்த மிஷன்தான். ஆனால் புதியவர்கள் பெருகப் பெருக, பழையவர்களுக்கு இடம் குறுகியது. 1849-ல் ஒட்டாவாக்கள் தங்கள் பாதிரியாருடன் வடக்கே வெகு தூரம் போய்விட்டார்கள். சுதந்திரம் தேடி வந்தவர்களின் கதையில் இந்தப் பக்கத்தையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

முதல் கோடைக்காலம் பயங்கரமானது. சதுப்பு நிலத்தில் மலேரியா. மரக் கட்டைக் குடிசைகளில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தவர்களுக்கு வயிற்றுக்கடுப்பு. போதாக்குறைக்கு அம்மை. குடும்பம் குடும்பமாகப் படுத்தார்கள். குழந்தைகள் பலர் அநாதைகள் ஆனார்கள். அவர்களுக்கென்று ஓர் அநாதை விடுதி கட்டுவது என்று ஊர்க்கூட்டம் தீர்மானித்து, மரம் வெட்டி வேலையும் தொடங்கியது. அது முடிவதற்குள் ஓர் ஆச்சரியம் நடந்தது. அநாதைக் குழந்தைகளையெல்லாம் ஊர்க் குடும்பங்களே எடுத்துக்கொண்டுவிட்டன! தன் குழந்தைக்கே கஞ்சிக்கு வழியில்லாத வீட்டில் இன்னொரு தட்டு வைத்தார்கள். விடுதியில் சேர்க்கக் குழந்தை இல்லை. அந்தக் கட்டடம் பிற்பாடு பள்ளிக்கூடத்துக்கு உபயோகப்பட்டது. இந்த ஊரின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் அதுதான்.

"டொமினி" வருகிறார்!

பாதிரியாரை அவர்கள் "டொமினி" என்று மரியாதையாக அழைப்பார்கள். முதலில் திறந்தவெளியில்தான் ஆராதனை. 1847-லேயே மரக்கட்டைகளை அடுக்கி ஒரு சர்ச்சு எழுப்பிவிட்டார்கள். காட்டுப் பாதையில் மைல்கணக்காக நடந்து வருவார்கள். காலையில் ஒரு பிரசங்கம், பிற்பகலில் ஒரு பிரசங்கம். ஒவ்வொன்றும் நீளமானது. பாதிரியார் இல்லாத ஊரில் மூப்பர் ஒருவர் எழுந்து, அச்சடித்த பழைய பிரசங்கத்தை வாசிப்பார்.

பாட்டு என்றால் தாவீதின் சங்கீதங்கள் மட்டும்தான். ஒருவர் முன்னே நின்று எடுத்துக் கொடுக்க, சபை முழுவதும் ஒவ்வோர் எழுத்தையும் நீட்டி, மெதுவாக, ஒரே குரலில் பாடும். குழந்தைகளுக்குத் தூக்கம் சொக்கும். அதற்கும் ஒரு மருந்து இருந்தது. அம்மாவின் பையிலிருந்து பெப்பர்மிண்டு மிட்டாய் ஒன்று ஓசையில்லாமல் பெஞ்சு நெடுகக் கைமாறிப் போகும். அதைக் கடிக்கக்கூடாது, சப்ப வேண்டும். டச்சு சர்ச்சுகளில் தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் இது.

பிற்பகல் பிரசங்கத்துக்கு ஹைடல்பர்க் வினா-விடைப் புத்தகமே ஆதாரம். 129 கேள்விகள், அவற்றை 52 ஞாயிறுகளுக்குப் பங்கிட்டிருப்பார்கள். ஆகவே வருஷம் ஒன்றுக்கு ஒரு சுற்று. குழந்தைகள் வாரத்தில் ஒரு நாள் தனியாகப் போய் அதை மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும், டச்சு பாஷையில்.

வீட்டுக்குள்ளும் சர்ச்சு வரும். வருஷத்துக்கு ஒரு தரம் மூப்பர்கள் இருவர் கறுப்பு உடுப்போடு வந்து கூடத்தில் உட்காருவார்கள். குடும்பப் பிரார்த்தனை நடக்கிறதா, புருஷன் பெண்சாதிக்குள் மனஸ்தாபம் உண்டா, பிள்ளைகள் ஒழுங்காக இருக்கிறார்களா என்றெல்லாம் விசாரிப்பார்கள். குடிப்பவனுக்கும் சண்டைக்காரனுக்கும் திருவிருந்து மறுக்கப்படும். இது பிறர் வீட்டு விஷயத்தில் தலையிடுவது என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் குடிகாரப் புருஷனைத் தட்டிக் கேட்க வேறு நாதியில்லாத காட்டில், இந்த இரண்டு கிழவர்களின் வருகை சில பெண்களுக்குத் தைரியமாகவும் இருந்திருக்கும். அதே சபையில் பெண்களுக்கு ஓட்டு இல்லை என்பது வேறு விஷயம்.

இங்கிலீஷ் வாத்தியார்

இப்படிப்பட்ட ஊரில் பள்ளிக்கூடம் எந்தப் பாஷையில் இருந்திருக்கும்? டச்சு என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. ஊர் ஏற்பட்டு அதிக நாள் ஆவதற்கு முன்பே இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க அமெரிக்க வாத்தியார் வந்துவிட்டார். ராஜ்யச் சட்டப்படி ஏற்பட்ட பொதுப் பள்ளிக்கூடம் அது. வான் ரால்ட்டேக்கு இதில் பூரண சம்மதம். சர்ச்சில் ஓர் எழுத்து மாறக்கூடாது என்று கடல் தாண்டிய மனிதர், பிள்ளைகளின் பாஷை மாறட்டும் என்றார்! காரணம் எளிது. கோர்ட்டிலும் கடைத்தெருவிலும் தேர்தலிலும் இங்கிலீஷ் தெரியாதவன் ஏமாந்துபோவான் என்பதை அவர் கண்கூடாகக் கண்டிருந்தார்.

1851-ல் மேல் படிப்புக்காக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது; வால்ட்டர் டெய்லர் என்ற அமெரிக்கர் அதன் முதல் தலைவர். அதற்கு ஐந்து ஏக்கர் நிலத்தை வான் ரால்ட்டே தாமே கொடுத்தார். பணத்துக்குக் கிழக்கு மாகாணங்களில் வீடு வீடாகப் போய்க் கையேந்தினார். எதிர்காலத்தில் இந்த ஜனங்களுக்கு நம்பிக்கையின் நங்கூரம் இந்தப் பள்ளிதான் என்று அவர் சொன்னதிலிருந்து, அது வளர்ந்து 1866-ல் கல்லூரியானபோது 'ஹோப்' என்றே பெயர் வைத்தார்கள். அதன் முத்திரையிலும் நங்கூரம். முதல் வருஷம் பட்டம் பெற்றவர்கள் எட்டு வாலிபர்கள்.

ஆக, திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளியில் இங்கிலீஷ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் டச்சு. இரண்டும் முட்டிக்கொண்ட இடம் வீடு. இங்கிலீஷ் தெரியாத தாயிடம், சாப்பாட்டு மேஜையில், பிள்ளைகள் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிச் சிரித்துக்கொள்வார்கள். அவர்கள் சிரிப்பது எதற்கென்று அவளுக்குப் புரியாது. கடிதம் வந்தால் படித்துச் சொல்லப் பத்து வயது மகனைத்தான் கூப்பிட வேண்டும். அவளுக்கு மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அந்தக் கிழவிகள் டச்சுப் பிரசங்கத்தை அவ்வளவு இறுகப் பிடித்துக்கொண்டது வெறும் பிடிவாதம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பள்ளிக்கூடமும் தன் வேலையைச் செய்யாமலில்லை. 1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. மறு வருஷமே வான் ரால்ட்டேயின் புதல்வர் இருவர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். 1864-ல் டிர்க் என்பவர் ஒரு கையை இழந்தார். அப்பா டச்சுக்காரர், பிள்ளை அமெரிக்கன். அதே 1862-ல்தான் ஊரில் இங்கிலீஷிலேயே ஆராதனை நடத்தும் சர்ச்சு ஒன்றும் ஏற்பட்டது.

எந்தப் பாட்டைப் பாடுவது?

1850-ல் இந்தக் குடியேற்றச் சபைகள், அமெரிக்காவில் வெகு காலமாக இருந்துவந்த பழைய டச்சு சபையோடு சேர்ந்துகொண்டன. தனியே கிடப்பதைவிடத் துணை நல்லது என்பது வான் ரால்ட்டேயின் எண்ணம். ஆனால் பலருக்குச் சந்தேகம் தீரவில்லை. அந்தக் கிழக்கத்தியார் தாவீதின் சங்கீதங்களோடு நில்லாமல், மனிதர் எழுதிய எண்ணூறு பாட்டுகளையும் பாடுகிறார்களாமே! வேறு சபையாரையும் திருவிருந்துக்கு உட்கார வைக்கிறார்களாமே! வினா-விடைப் புத்தகத்தை அலட்சியம் செய்கிறார்களாமே! 1857-ல் கிராஃப்ஷாப் உள்ளிட்ட நான்கு சபைகள் பிரிந்துபோயின. ஹாலந்தில் அரசரை விட்டுப் பிரிந்தவர்கள், இங்கே ஒருவரை ஒருவர் விட்டுப் பிரிந்தார்கள்.

பாட்டுக்காகவா சண்டை என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் எந்தச் சங்கீதத்தைப் பாடியதற்காகத் தன் தகப்பன் அபராதம் கட்டினானோ, அதை இலேசாக மாற்று என்றால் மாற்றுவார்களா? அண்ணன் ஒரு சர்ச்சு, தம்பி ஒரு சர்ச்சு. எதிர்க்கட்சி சர்ச்சுப் பெண்ணைக் கட்டிக்கொள்வது என்றால் இரு வீட்டாரும் முகம் சுளிப்பார்கள்.

ஒரு வருஷம் முன்பு, 1856-ல்தான், வான் ரால்ட்டேயின் சபை புதிய கோவில் கட்டி முடித்திருந்தது. முகப்பில் ஆறு பெரிய வெள்ளைத் தூண்கள். கிரேக்கக் கோவிலின் சாயல். 'தூண் சர்ச்சு' என்று பெயரே நிலைத்துவிட்டது.

கல்லூரியில் பெண்களைச் சேர்த்துக்கொள்ள 1878 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1882-ல் இருவர் பட்டம் பெற்றார்கள். அவர்களில் ஒருவர் கல்லூரியின் முதல் தலைவர் பிலிப் ஃபெல்ப்ஸின் புதல்வி பிரான்ஸஸ். பெண்கள் தங்கிப் படிக்க 1907-ல் ஒரு நல்ல விடுதி எழுந்தது. அதற்குப் பணம் கொடுத்தவர் எலிசபெத் வூர்ஹீஸ் என்ற சீமாட்டி. இந்தப் பெயரை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? வேலூர்க்காரர்களுக்கு உடனே தெரிந்திருக்கும். ஊரிஸ் காலேஜ் என்று அவர்கள் சொல்வது இந்த அம்மாளின் பெயரால் விளங்கும் கல்லூரியைத்தான். வான் ரால்ட்டே போய்ச் சேர்ந்துகொண்ட அதே அமெரிக்க டச்சு சபைதான், ஸ்கடர் குடும்பத்தாரைக் கொண்டு 1853-ல் ஆர்க்காட்டு மிஷனைத் தொடங்கியது.

மறுபடி ஹாலந்துக்கு வருவோம். 1871 ஜூன் கடைசியில் கிறிஸ்டினா காலமானாள். அதே வருஷம் அக்டோபர் 8-ந் தேதி இரவு, சிக்காகோ நகரம் எரிந்த அதே இரவு, வறண்டு கிடந்த காட்டிலிருந்து நெருப்பு ஊருக்குள் புகுந்தது. விடிவதற்குள் வீடும் கடையும் பெரும்பகுதி சாம்பல். முதியவள் ஒருத்தி உயிரிழந்தாள். தூண் சர்ச்சும் கல்லூரியும் மட்டும் தப்பி நின்றன. ஊர்க்காரர்கள் திரும்பவும் மரம் அறுக்கத் தொடங்கினார்கள். வான் ரால்ட்டே 1876-ல் கண்ணை மூடினார்.

அவர் போன பிறகும் சண்டை ஓயவில்லை. இரகசியச் சங்கங்களில் சேர்ந்தவர்களைச் சபையில் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு புதுத் தகராறு. 1882-ல் தூண் சர்ச்சின் பெரும்பான்மையோர் தாய்ச் சபையை விட்டு விலகி, கட்டடத்தையும் தங்களுடனே வைத்துக்கொண்டார்கள். பிறகு 1857-ல் பிரிந்தவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். எந்தப் பிரிவினையை வான் ரால்ட்டே ஆயுள் முழுவதும் எதிர்த்தாரோ, அந்தக் கட்சிக்கே அவர் கட்டிய கோவில் போய்ச் சேர்ந்தது!

நூற்றுமுப்பது வருஷம் அப்படியே கழிந்தது. 2012-ல்தான் அந்தச் சபை இரண்டு பிரிவுகளையும் சேர்ந்ததாக ஆயிற்று. இன்று அங்கே ஞாயிறு ஆராதனை நடப்பது இங்கிலீஷில்.