குருளைப் பருவம்

நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கன் இளமைப் பெயர் குருளை என்பது தொல்காப்பிய மரபியலிற் காணப்படுவது. குட்டி என்றாலும் பறழ் என்றாலும் பொருந்தும். பிள்ளை என்னும் பெயரும் ஆங்குப் பிழையாகாது. இவ்வாறு தாராளமாக இடமளித்துச் செல்லும் ஆசிரியர், ஓரிடத்தில் மட்டும் தடை செய்கின்றார். நாய்க்குப் பிள்ளைப் பெயர் ஆகாது என்பதே அத்தடை. கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை, கிளிப்பிள்ளை என்று கூறும் நாம், இன்றும் நாய்ப்பிள்ளை என்று கூறுவதில்லை. இவ்வழக்கின் காரணத்தை இலக்கண அறிஞர் ஆராய்க. குருளை வளர்ப்போர் செய்யும் பிழைகளுட் பல, அதனைப் பிள்ளையாகவே எண்ணுவதனால் நேர்வன என்பது மட்டும் எனக்குத் தெளிவு.

கஹவத்தையைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் நாயில்லாத லயத்தைக் காண்டல் அரிது. அவற்றுட் பெரும்பாலன விலை கொடுத்து வாங்கப்பட்டவையல்ல. விறகுக் குவியலின் மறைவிலோ, பாழடைந்த காம்பிராவின் மூலையிலோ ஈன்ற தாயிடமிருந்து சிறுவர் தூக்கி வந்தவை. குருளை பிறந்து ஏறத்தாழ இரு வாரத்திற் கண் திறக்கும். மூன்றாம் வாரத்தில் தள்ளாடி நடக்கும். அந்த அழகைக் கண்டு அப்பொழுதே எடுத்து வந்துவிடுகின்றனர். சில கிழமைகளில் அழகு குறைகின்றது. வாசற் கம்பத்தில் ஒரு கயிறு ஏறுகின்றது. பின்னர் அதனிடம் பேசுவாரும் இல்லை. ஓராண்டு செல்வதற்குள், கடிக்கின்ற நாய் என்று பெயர் வாங்கிச் சந்தைப் பக்கத்திலோ கோயில் வாயிலிலோ கொண்டுபோய் விடப்படுகின்றது.

இவ்வரலாற்றின் முடிவு பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களிலேயே எழுதப்பட்டு விடுகின்றது. 1961ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் சிலர், வேலியிட்ட வெளியொன்றிற் குருளைகளை மனிதத் தொடர்பின்றி வளரவிட்டு, ஒவ்வொரு வயதிலும் சிலவற்றை மட்டும் ஒரு வாரம் எடுத்துப் பழக்கினர். ஐந்து முதல் ஒன்பது வாரத்திற்குள் மனிதரோடு பழகியவை எளிதில் ஒன்றின. பதினான்கு வாரம் வரை மனிதர் கை படாதிருந்தவையோ, பின்னர் எவ்வளவு முயன்றும் காட்டு விலங்குபோல் மிரண்டன. இத்துறையில் நெடுங்காலம் உழைத்த ஸ்கொட், புல்லர் என்னும் இருவரும் 1965இல் வெளியிட்ட நூலிலும், மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே நாயின் உறவுகள் அமையும் காலம் எனக் காட்டப்பட்டுள்ளது. கயிற்றிற் கட்டி, எவரும் அணுகாது விட்ட நாட்கள் இந்நாட்களே. ஆறு மாதத்தின் பின் பழக்குவோம் என்று காத்திருப்பவர், விதைப்புக் காலம் கழிந்த பின் வயலுக்கு இறங்குபவர்.

அவ்வாறாயின் மூன்றாம் வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்தல் நன்றாமோ எனின், ஆகாது. உடன்பிறந்தவற்றோடு புரண்டு விளையாடும்போது ஒன்று வன்மையாகக் கடித்தால் மற்றது வீரிட்டு விலகும், விளையாட்டு நின்றுவிடும். பல்லை எவ்வளவு அழுத்தலாம் என்னும் அளவைக் குருளை கற்பது இவ்வாறே. இதனைக் கற்பிக்க நம்மினும் அதன் கூட்டமே வல்லது. ஆகவே எட்டு வாரம் வரை தாயோடு விடுதலும், அந்த எட்டு வாரத்திலும் மனிதர் நாள்தோறும் சென்று தடவிப் பழகுதலும் ஆகிய இரண்டும் வேண்டும்.

இனி உணவு. வீட்டிற்கு வந்த குருளைக்கு முதலில் நாம் கொடுப்பது பசுப்பால். தாய்ப்பால் மறந்த குருளைகள் பலவற்றிற்குப் பாற்சர்க்கரை செரியாது, வயிற்றுப்போக்கே விளையும். பாலைத் தவிர்த்துக் குழைந்த சோறு கொடுத்தல் தகும். நாய் ஊன் உண்ணும் விலங்காயிற்றே, சோறு செரிக்குமோ என்று ஐயுறுவோர் உளர். 2013இல் சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்வையத்தைப் போக்கிற்று. மாப்பொருளைச் செரிக்கும் நொதியை ஆக்கும் மரபணு ஓநாயிடத்து இரண்டு படிகளே உண்டு. நாயிடத்து நான்கு முதல் முப்பது வரை உண்டு. மனிதன் உழவு தொடங்கிய பின் அவன் எச்சிற் சோற்றை உண்டே நாய் இம்மாற்றத்தை அடைந்தது போலும்.

ஆயினும் சோறும் கோதுமை மா ரொட்டியும் மட்டும் உண்டு வளரும் குருளையின் கால்கள் வளையும். என்பு வளர்ச்சிக்கு வேண்டிய சுண்ணச்சத்தும் தசைக்கு வேண்டிய புரதமும் அவற்றிற் போதா. அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், பூசணி ஆகியவற்றைச் சேர்க்கலாம். நெத்தலிக் கருவாடாயின், ஊறவைத்து அவித்து, அந்த உப்பு நீரைக் கொட்டிவிடல் வேண்டும். புலால் புகாத இல்லங்களில் முட்டையாவது விலக்கின்றி இருத்தல் நலம். நம் தட்டில் எஞ்சிய கறியை ஊற்றுதலே பெருங்கேடு. வெங்காயமும் உள்ளியும் நாயின் குருதிச் செவ்வணுக்களை அழிப்பன. நம் கறிகளுள் அவையில்லாதது யாது? அவித்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். நான்கு மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, பின்னர் இரண்டு என்பது பொது அளவு. விலாவெலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியலாகாது.

உண்ணும் முறையையும் கவனித்தல் வேண்டும். லயத்துச் சிறுவர் குருளையின் தட்டை இழுத்து அது உறுமுவதைக் கண்டு சிரிப்பர். அவ்வாறு இழுக்கப்பட்ட குருளை, மனிதக் கை தட்டருகே வருவது பறிப்பதற்கே என்று கற்றுக்கொள்கின்றது. மாறாக, அது உண்ணும்போது அருகிற் சென்று ஒரு மீன் துண்டை மேலும் இட்டுவந்தால், கை வருவது கொடுப்பதற்கே என்று கற்கும். இரண்டும் கல்வியே. எதனைக் கற்பிக்கின்றோம் என்பதே வேறுபாடு.

பயிற்சியைப் பற்றிக் கூறுங்கால், மகாபாரதத்து ஆதிபருவத்தில் வரும் சரமையின் கதை நினைவிற்கு வருகின்றது. சனமேசயன் வேள்வி செய்த இடத்திற்கு வந்த நாயொன்றை அவன் தம்பியர் அடித்துத் துரத்தினர். அது அழுதுகொண்டு தாயிடம் ஓடிற்று. அவியை நோக்கவும் இல்லை, நக்கவும் இல்லை என்று மகன் கூறக்கேட்ட சரமை, வேள்விச் சாலைக்கே வந்து, குற்றமற்றவனை ஏன் அடித்தீர் என வினவினாள். அவர்கள் விடை கூறவில்லை. காணாத அச்சம் உங்களை வந்தடையும் எனச் சபித்துச் சென்றாள்.

காலையில் வீட்டினுள் சிறுநீர் கழித்த குருளையை மாலையில் வந்து அடிக்கும் நாமும் அத்தம்பியரே. குருளைக்குச் செயலும் பயனும் சில நொடிக்குள் இணைந்தால் மட்டுமே விளங்கும். 1904இல் நோபல் பரிசு பெற்ற உருசிய விஞ்ஞானி பவ்லோவ், உணவிற்கு முன் ஓர் ஒலியைப் பலமுறை கேட்ட நாய், பின்னர் அவ்வொலிக்கே வாயூறுவதைக் காட்டினார். ஒன்றையடுத்து ஒன்று உடன் வருதலே அங்கு அடிப்படை. மாலையில் விழும் அடி காலையின் செயலோடு சேராது. அடித்தவரின் வரவோடு சேரும். காதைத் தாழ்த்தி வாலை ஒடுக்கி நிற்பதை, குற்றத்தை உணர்ந்துவிட்டது என்று நாம் மகிழ்கின்றோம். அஃது அச்சமேயன்றி வேறன்று.

எம் இல்லத்து மணி ஒன்பது வாரத்தில் வந்தது. உறங்கி எழுந்தவுடன், உண்டவுடன், விளையாடி ஓய்ந்தவுடன் எனப் பொழுதறிந்து முற்றத்துப் பலாவடிக்குத் தூக்கிச் சென்றோம். அங்கு கழித்தவுடன் ஒரு சிறு ரொட்டித் துண்டு. மூன்றாம் கிழமையில் அதுவே கதவருகே சென்று நின்றது. அடுத்த கிழமை முழுவதும் அடைமழை. இரத்தினபுரி மாவட்டத்து மழையை அறிந்தவர்க்கு விளக்க வேண்டா. கற்றதெல்லாம் மறந்து அடுப்படியிலேயே கழித்தது. திட்டாமல் தொடக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கினோம். இருக்கச் சொல்லுதல் இரண்டு நாளில் அமைந்தது. அழைத்தால் வருதல் நான்கு மாதமாகியும் முழுமையாக அமையவில்லை. கோழியொன்று குறுக்கே சென்றால் என் குரல் அதற்குக் கேட்பதில்லை. இங்கு யாவரும் நாயோடு பேசுவது 'சிட்', 'கம்' என்னும் ஆங்கிலத்திலேயே. துரை பங்களாவின் எச்சமாக இருக்கலாம். 'இரு', 'வா' என்பவற்றையும் அது அதேபோல் கற்றது.

பழக்க வேண்டிய நாட்களே நோய்க்கு அஞ்ச வேண்டிய நாட்களுமாதல் ஓர் இடர்ப்பாடு. பார்வோ நோய் குருளைகளை விரைவிற் கொல்லும். அதன் தடுப்பூசி ஆறு அல்லது எட்டு வாரத்திற் தொடங்கிப் பதினாறு வாரம் வரை இடைவிட்டுப் போடப்படும். அது முடியும்வரை பிற நாய்கள் திரியும் நிலத்தில் இறக்காது, கையில் ஏந்திச் சென்று மனிதரையும் வாகனங்களையும் காட்டலாம். குடற்புழு தாயின் கருவிலும் பாலிலுமே தொற்றுவதால், இரு வாரத்திலிருந்தே மருந்து வேண்டும். நாயின் கொக்கிப்புழுக்களுள் ஒன்று, 1911இல் விவரிக்கப்பட்டு, இலங்கையின் பெயரையே அறிவியற் பெயரிற் கொண்டது. அது மனிதரையும் தொற்றும் என்பதை வெறுங்காலோடு முற்றத்தில் ஆடும் சிறாருக்குக் கூறல் வேண்டும்.

விசர்நாய்க்கடித் தடுப்பூசி இந்நாட்டில் அரசினால் இலவசமாகவே போடப்படுகின்றது. தெருநாய்களைக் கொல்லும் முறை 2006இல் நிறுத்தப்பட்ட பின் இவ்வூசியே நமக்குள்ள அரண். நாய்களுள் நூற்றுக்கு எழுபதேனும் ஊசி பெற்றால் நோய் பரவுதல் நிற்கும் என்பர். குட்டிதானே என்று ஊசியைத் தள்ளிப்போடுதல் தவறு. குருளையும் இந்நோயைக் கொள்ளும், கொடுக்கும். கடித்தால், கீறினாலும், சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். நோய்க்குறி தோன்றிய பின் காப்பாற்ற வழியில்லை.

குருளை கடித்ததை வீட்டிற் சொல்லாதவர் உண்டோ என்று ஒருமுறை வகுப்பில் வினவினேன். கைகள் பல உயர்ந்தன. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நாயோடு விளையாடியதற்கு அடி விழும் என்றனர்.