பாஸ் வாங்குவது இலாபமா?
பாரிஸ் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு கணக்கு

மலிந்த சரக்கு கடைத்தெருவுக்கு வரும் என்பது நம்மவர் வழக்கிலுள்ள பழமொழி. மலிவு என்ற சொல்லைக் கேட்டவுடனேயே கையைப் பணப்பையிற் போடுவோருக்கு எச்சரிக்கையாக அமைந்தது அது. ஆயின் மலிவானவையெல்லாம் பழுதானவையும் அல்ல. எது மலிவு, யாருக்கு மலிவு, எத்தனை நாளைக்கு மலிவு என்று கேட்டு அறிவதே விவேகம்.

இன்று நம் நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பாரிஸ் மாநகரில் உறவினர் உள்ளனர். தம்பியின் திருமணம், மருமகளின் சாமத்தியச் சடங்கு, பேரப்பிள்ளையின் பிறந்தநாள் என ஏதாவதொரு காரணத்தை முன்னிட்டு அங்கு செல்வோர் தொகை சிறிதன்று. பல ஆண்டுகளாகச் சேமித்த பணத்தில் நிகழும் பயணம் அது. சடங்குகளுக்கும் விருந்துகளுக்கும் இடையே நகரைச் சுற்றிப் பார்க்க மூன்று நான்கு நாட்களே கிடைக்கும். அவ்வேளையில் யாராவது ஒருவர், “எல்லாருக்கும் ஒரு பாஸ் எடுத்துவிட்டால் கவலையில்லை” என்று சொல்வார். அவர் சொல்வது சரிதானா என்பதை இங்கு ஆராய்வோம்.

பாஸ் என்பது யாது?

நகரத்துக் காட்சியிடங்கள் பலவற்றுக்கும் பொதுவாக ஒரே பிரவேசச் சீட்டை விற்கும் வழக்கம் இப்பொழுது உலகின் பெருநகரங்கள் பலவற்றில் உண்டு. பாரிஸில் விற்கப்படுவது ‘பாரிஸ் மியூசியம் பாஸ்’ என்னும் நூதனசாலைச் சீட்டாகும். 48 மணி நேரம், 96 மணி நேரம், 144 மணி நேரம் என மூன்று வகையாக இது கிடைக்கின்றது. பாரிஸிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள 50க்கு மேற்பட்ட நூதனசாலைகளையும் நினைவுச் சின்னங்களையும் இதனைக் காட்டிப் பார்க்கலாம். 1793ஆம் ஆண்டிற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட லூவர் நூதனசாலை, பழைய புகையிரத நிலையமாக இருந்து 1986இல் நூதனசாலையாக மாறிய ஓர்சே, வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்குப் பெயர்பெற்ற சேன்ற் சாப்பெல் ஆலயம், வெற்றி வளைவு, வெர்செய் அரண்மனை ஆகியன யாவும் இதில் அடங்கும்.

இதில் அடங்காதவை எவை என்பதையும் அறிதல் வேண்டும். பாரிஸ் என்றதும் நம் பிள்ளைகளின் மனக்கண்ணில் முதலில் தோன்றும் ஈபிள் கோபுரம் இதில் இல்லை. பாதாளப் புகையிரதத்துக்கும் பஸ் வண்டிக்கும் வேறாகவே பணம் செலுத்த வேண்டும். ஓரிடத்துக்கு ஒரு முறை மட்டுமே இச்சீட்டுச் செல்லும். மேலும், முதலிடத்தினுள் நுழைந்த கணத்திலிருந்து மணிக்கணக்கு ஓடத் தொடங்கிவிடும். இடையில் ஒரு நாள் மழை பெய்தாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், பெரியப்பா வீட்டில் மதிய விருந்துக்கு அழைத்தாலும் அது நின்று காத்திராது.

பருவச்சீட்டு எடுத்துப் புகையிரதத்திற் செல்லும் உத்தியோகத்தர்கள் இதன் இயல்பை நன்கு அறிவர். மாதம் முழுவதும் பயணஞ் செய்பவனுக்கு அது இலாபம். பத்து நாள் மட்டும் சென்று இருபது நாள் வீட்டிலிருப்பவனுக்கு அது நட்டமே.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

2024ஆம் ஆண்டின் விலைகளை உதாரணமாகக் கொள்வோம். அவ்வாண்டில் 48 மணி நேரப் பாஸின் விலை 62 யூரோ. தனித்தனியே சீட்டு வாங்கினால் லூவருக்கு 22 யூரோ, ஓர்சேக்கு 16 யூரோ, சேன்ற் சாப்பெலுக்கு 13 யூரோ, மொனே என்னும் ஓவியரின் அல்லி ஓவியங்கள் உள்ள ஒராஞ்செரிக்கு 12 யூரோ 50 சதம். முதல் மூன்றையும் கூட்டினால் 51 யூரோ. நான்காவதையும் சேர்த்தால் 63 யூரோ 50 சதம். ஆகவே, இரண்டு நாளில் மூன்று இடங்களை மட்டும் பார்ப்பவர் பாஸ் வாங்கினால் 11 யூரோவை இழப்பார். நான்கு இடங்களைப் பார்ப்பவர் ஒன்றரை யூரோவை மிச்சம் பிடிப்பார். ஐந்தாவதாக வெற்றி வளைவிலும் ஏறினால், அதன் 16 யூரோவும் சேர்ந்து, அவருக்கு 17 யூரோ 50 சதம் மீதியாகும்.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்திலிருந்து தந்தை, தாய், அப்பம்மா, 19 வயது மகன், 15 வயது மகள், 11 வயது மகன் என அறுவர் செல்கின்றனர் என்க. “எல்லாருக்கும் ஒரு பாஸ்” என்ற யோசனைப்படி ஆறு பாஸ் வாங்கினால் 372 யூரோ செலவாகும்.

மேற்சொன்ன இடங்கள் யாவற்றிலும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. எந்நாட்டுப் பிள்ளையாயினும் கடவுச்சீட்டைக் காட்டினாற் போதும். ஆகவே, இளையவர் இருவருக்கும் வாங்கும் பாஸ் தண்டச் செலவாகும். 124 யூரோ அங்கேயே மிஞ்சுகின்றது.

அடுத்து அப்பம்மா. எழுபதைக் கடந்தவர் இரண்டு நாளில் நான்கு நூதனசாலைகளில் ஏறி இறங்க மாட்டார். லூவரையும் சேன்ற் சாப்பெலையும் காட்டிவிட்டு அவரை வீட்டில் ஓய்வெடுக்க விடுவதே அன்பு. அவ்விரண்டுக்கும் சீட்டு 35 யூரோ. பாஸ் வாங்குவதிலும் 27 யூரோ குறைவு.

எஞ்சிய மூவரும் பாஸ் வாங்கி நான்கு இடங்களையும் பார்த்தால் 186 யூரோ. அப்பம்மாவின் 35 யூரோவையும் கூட்டினால் குடும்பத்தின் மொத்தச் செலவு 221 யூரோ. 372 எங்கே, 221 எங்கே! இம்மூவரும் பாஸ் இன்றித் தனிச்சீட்டு வாங்கியிருந்தால் மொத்தம் 225 யூரோ 50 சதம் ஆகியிருக்கும். அதாவது, பாஸ் வாங்கியதால் வந்த ஆதாயம் நாலரை யூரோ மட்டுமே. யாருக்குச் சீட்டுத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று ஆராய்ந்ததால் வந்த ஆதாயமோ 150 யூரோவுக்கும் மேல்.

இவ்விடத்தில் மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பாஸா தனிச்சீட்டா என்ற கேள்வியை முதலில் எழுப்பிக்கொண்டு நாம் மயங்குகின்றோம். உண்மையில் முதலிற் கேட்க வேண்டியது, யார் எதைப் பார்க்கப் போகின்றார் என்பதேயாகும்.

மேலே தந்த விலைகள் 2024ஆம் ஆண்டுக்குரியவை. பாஸின் விலையும் சீட்டுகளின் விலையும் அதன்பின் ஏறியுள்ளன. 2026 ஜனவரி 14 முதல் லூவரில், ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியேயிருந்து வருவோருக்குக் கட்டணம் 32 யூரோவாக உயர்த்தப்பட்டது. நம் சீகிரியாவில் உல்லாசப் பிரயாணிகளுக்கு டொலரில் ஒரு கட்டணமும் உள்நாட்டவருக்கு ரூபாவில் ஒரு கட்டணமும் அறவிடுவதை அறிந்த நாம் இதைக் கண்டு வியப்படைய மாட்டோம். பயணஞ் செல்வோர், புறப்படுமுன் அன்றைய விலைகளை விசாரித்து மேற்காட்டிய கணக்கில் இட்டு நிரப்பிக் கொள்க. விலை மாறலாம், கணக்கின் முறை மாறாது.

இலவசமாய்க் கிடைப்பவை

பணம் கொடுத்துப் பார்ப்பவையே சிறந்தவை என்ற எண்ணமும் நம்மிடையே உண்டு. 2019 ஏப்ரலில் தீக்கிரையாகி, 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர டாம் பேராலயத்தினுள்ளே செல்லக் கட்டணமில்லை. பாரிஸ் நகரின் வரலாற்றைக் கூறும் கார்னவாலே நூதனசாலையின் நிரந்தரக் காட்சிகளுக்கும் கட்டணமில்லை. ஓர்சேயும் ஒராஞ்செரியும் ஒவ்வொரு மாதத்தினதும் முதல் ஞாயிற்றுக்கிழமையில் யாவருக்கும் இலவசம். லூவருக்கு இச்சலுகை இல்லை. சேன் நதிக்கரையில் மாலை வேளையில் நடப்பதற்கும் லாச்சப்பல் தெருவில் நம்மவர் கடைகளைப் பார்த்து வருவதற்கும் எந்தச் சீட்டும் வேண்டியதில்லை.

பாரிஸிலேயே வசிக்கும் உறவினரின் பிள்ளைகளுக்கு இன்னுமொரு சலுகை உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிக்கும் 26 வயதுக்குட்பட்டோருக்கு அரசாங்க நூதனசாலைகளில் நிரந்தரக் காட்சிகள் இலவசமாகும். ஆகவே, நம் 19 வயது மகன் சீட்டு வாங்குகையில் அதே வயதுடைய அவன் மச்சான் இலவசமாகவே உள்ளே செல்லலாம். விருந்தினரை அழைத்துச் செல்லும் வீட்டார் இதனை அறியாது அவனுக்கும் ஒரு பாஸ் வாங்கி விடுவதுண்டு.

பாஸின் உண்மையான நன்மை

இவ்வளவையும் படித்தபின், பாஸ் ஒரு ஏமாற்று வித்தை என்று எவரும் முடிவுகட்ட வேண்டாம். அதற்கென ஒரு சிறப்பு உண்டு. 22 யூரோ கொடுத்து உள்ளே சென்றவன், கால் நொந்தாலும் கண் சோர்ந்தாலும், கொடுத்த காசுக்காக மூன்று மணி நேரம் உழல்வான். பாஸ் வைத்திருப்பவனோ சிறிய நூதனசாலை ஒன்றினுள் அரைமணி நேரம் நுழைந்து, பிடித்த ஒரு பொருளைப் பார்த்துவிட்டு மனக்குறையின்றி வெளியே வரலாம்.

இவ்வகையில் நம்மவர் தவறவிடக்கூடாத இடம் ஆசியக் கலைகளுக்குரிய கீமே நூதனசாலையாகும். இதுவும் பாஸில் அடங்கும். சோழர் காலத்து நடராஜர் செப்புத் திருமேனி ஒன்று அங்கே உள்ளது. லூவரின் நெரிசலில் மொனாலிசாவைத் தூரத்தே நின்று எட்டிப் பார்ப்பவர்கள், இங்கே அத்திருமேனியின் முன் அமைதியாய் நின்று வரலாம். இதற்கெனத் தனியாகச் சீட்டு வாங்கப் பலர் தயங்குவர். கையில் பாஸ் இருந்தால் தயக்கம் இராது.

நாளைத் திட்டமிடத் தெரிந்தவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. 48 மணி நேரம் என்பதை இரண்டு பகல் என்று கொள்ள வேண்டியதில்லை. வியாழக்கிழமை பிற்பகல் 2 மணிக்குச் சேன்ற் சாப்பெலில் தொடங்கினால், அது சனிக்கிழமை பிற்பகல் 2 மணி வரை செல்லும். வியாழன் இரவு ஓர்சே 9.45 வரை திறந்திருக்கும். வெள்ளி இரவு லூவர் 9 மணி வரை திறந்திருக்கும். சனி காலையிற் கீமேயைப் பார்த்துவிடலாம். மூன்று நாட்களில் அவசரமின்றி நான்கு இடங்கள் முடிந்துவிடும்.

வாங்குமுன் கவனிக்க

முதலாவது, விடுமுறை நாட்கள். லூவரும் கீமேயும் செவ்வாய்க்கிழமை மூடப்படும். ஓர்சேயும் வெர்செய் அரண்மனையும் திங்கட்கிழமை மூடப்படும். ஞாயிறு மாலை பாஸைத் தொடங்குபவர் அரைவாசிப் பணத்தைப் பூட்டிய கதவுகளுக்கே கொடுத்தவராவார்.

இரண்டாவது, நேர ஒதுக்கீடு. பாஸ் இருந்தாலும் லூவர், சேன்ற் சாப்பெல், வெர்செய் போன்ற இடங்களுக்கு முன்கூட்டியே நேரம் பதிவு செய்தல் வேண்டும். ஒதுக்கப்படும் நேரங்கள் விரைவில் நிரம்பிவிடுவதால், முதலில் நேரம் கிடைக்குமா என்று பார்த்துவிட்டே பாஸை வாங்குக. இலவசமாகச் செல்லும் பிள்ளைகளுக்கும் லூவரிற் பதிவு வேண்டும். வாயிலில் நடைபெறும் சோதனை வரிசையை எந்தப் பாஸாலும் தவிர்க்க முடியாது.

மூன்றாவது, 96 மணி நேரத்துப் பாஸின் ஆசை. 2024இல் அதன் விலை 77 யூரோ. 15 யூரோ கூடக் கொடுத்தால் இரண்டு நாள் அதிகம் என்று மனம் சொல்லும். அந்த இரண்டு நாளிலும் நமக்கு நேரம் உண்டா, கால்களில் வலு உண்டா என்று கால்களையே கேட்க வேண்டும். நகருக்கு வெளியேயுள்ள வெர்செய் அரண்மனைக்கு ஒரு நாளை முழுதாக ஒதுக்குபவருக்கு அது பயன்படும். மற்றவர்க்கு அது மலிந்த சரக்கே.

நான்காவது, வீட்டாரின் மனம். பாரிஸில் உள்ள நம் உறவினர் பலர் உணவகங்களிலும் கடைகளிலும் நீண்ட நேரம் நின்று உழைப்பவர்கள். ஊரிலிருந்து வந்தவர்கள் முன் கணக்குப் பார்ப்பதை அவர்கள் குறைவாக எண்ணுவர். “நீங்கள் சும்மா வாங்கோ, நான் எடுக்கிறன்” என்று ஆறு பாஸையும் வாங்கிக் கையில் தருவர். அது அவர்களின் பல நாள் உழைப்பாகும். அதை மறுப்பது எளிதன்று. வருமுன்னரே கடிதத்திலோ தொலைபேசியிலோ இவை பற்றிப் பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது. விருந்தினர் தாமே பட்டியலிட்டுத் தாமே சீட்டெடுத்தால், அண்ணன் ஒரு நாள் லீவு எடுத்து உடன் வரலாம். பல ஆண்டுகள் அந்நகரில் வாழ்ந்தும் லூவரின் வாசலைக் கடந்து வேலைக்குப் போனதன்றி உள்ளே போகாதவர்கள் நம்மவரில் உண்டு. அப்பம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் முதல் முறையாக அதனைப் பார்ப்பாராயின், அந்தச் சீட்டுக்குக் கொடுத்த காசு வீண் போகாது.

ஆகவே, ஒரு தாளை எடுத்து, குடும்பத்தார் ஒவ்வொருவரின் பெயருக்கும் எதிரே அவர் உண்மையிற் பார்க்க விரும்பும் இடங்களை எழுதுக. இலவசமானவற்றை வெட்டிவிடுக. எஞ்சியவற்றின் கட்டணத்தைக் கூட்டுக. அத்தொகை பாஸின் விலையை விஞ்சினால், விஞ்சியவருக்கு மட்டும் பாஸ் வாங்குக. விஞ்சாதவருக்குச் சீட்டு வாங்கி, மிச்சத்திற் பிள்ளைகளுக்கு நல்லதொரு புத்தகமோ, எல்லாருக்கும் ஒரு வேளை சூடான சாப்பாடோ வாங்கிக் கொடுக்கலாம்.