ஆயுத உரிமையும் உயிர்க் காப்பும்

சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலை, திருமயம் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த நண்பர் ஒருவர் கையில் விண்ணப்பத் தாளுடன் நமது காரியாலயத்துக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு ஜீவனம் சிங்கப்பூரில். ஊரிலே முன்கட்டும் பின்கட்டுமாக அகன்ற பழைய வீடு. அதில் குடியிருப்பவர்கள் எழுபது கடந்த தாயும் தகப்பனும் மட்டுமே. தனி வீட்டு முதியவர்களை அடித்துப் போட்டு நகைகளைக் கொள்ளை கொண்டுபோன செய்தி பத்திரிகையில் வரும்போதெல்லாம் தமக்கு அக்கரையில் தூக்கம் பிடிப்பதில்லை என்றார். தகப்பனார் பெயரில் ஒரு ரிவால்வருக்கு லைசென்ஸ் வேண்டும். விண்ணப்பத்தை வக்கீல் பார்வையில் திருத்தித் தர வேண்டும். "சுதந்திர தேசத்தில் என் வீட்டைக் காத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லையா, ஐயா?" என்று அவர் கேட்டார்.

இந்தக் கேள்வியை நகைத்துத் தள்ள நமக்கு மனம் வரவில்லை. இது நமது தேசியத்தின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்று. நம்மவர் கையிலிருந்து ஆயுதத்தைப் பிடுங்கிய சரித்திரம் தென்னாட்டிலேதான் தொடங்கிற்று என்று சொன்னாலும் பெரிய பிழையாகாது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்ட கம்பெனியார், அவ்வாண்டு டிசம்பரில் ஒரு பிரகடனம் செய்து, பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் ஜனங்களின் ஆயுதங்களைக் களையவும் முற்பட்டனர். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை உத்தியோகஸ்தர், தாம் ஈட்டியும் வளரியும் எறியப் பழகியது சின்ன மருதுவிடம் என்று தமது நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். பின்னர் அதே சின்ன மருதுவை வேட்டையாடிய படையிலும் அவர் இருந்தார்.

அந்தக் காலத்தில் நமது புதுக்கோட்டைச் சீமையின் நிலைமை வேறு. தொண்டைமான் கம்பெனியின் நண்பர். 1799ல் கட்டபொம்மன் பிடிபட்டது இந்தச் சீமைக்குட்பட்ட திருக்களம்பூர்க் காட்டில். இங்கிருந்து ஒப்படைக்கப்பட்டுத்தான் அவன் கயத்தாற்றில் தூக்கேறினான். இந்த மண்ணில் பத்திரிகை நடத்துகிறவர்கள் அதை மறைத்து எழுதுவது முறையாகாது. அண்டைப் பாளையங்கள் நிராயுதமானபோது இந்த அரண்மனையின் ஆயுதச்சாலை கலையவில்லை. அதில் வளரிகள் எப்பொழுதும் இருப்பில் வைக்கப்பட்டிருந்ததாகச் சமஸ்தானத்துத் திவான் ஒருவர் எழுதியதைத் தர்ஸ்டன் தமது ஜாதி வரலாற்று நூலில் சேர்த்திருக்கிறார். ஆயுதம் இருந்தது மெய். ஆனால் வெள்ளைக்காரப் பொலிடிகல் ஏஜெண்டின் ஒரு சொல்லைத் தட்டும் தைரியம் அந்த ஆயுதத்தால் வந்ததா? வாசகர்களே விடை சொல்லட்டும்.

பிறகு வந்தது 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். லிட்டன் பிரபு அதே வருஷத்தில் சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயையும் கட்டினார். பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு 1882ல் நீக்கினார். ஆயுதச் சட்டமோ எண்பது வருஷத்துக்கு மேல் நின்றது. அதன் கொடுமை லைசென்ஸ் கேட்டதில் இல்லை. வெள்ளையனுக்கு லைசென்ஸ் வேண்டாம், இந்தியனுக்கு வேண்டும் என்று பிரஜைகளை நிறம் பார்த்துப் பிரித்ததிலேதான் இருந்தது. 1887ல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸிலேயே இதன்மேல் கண்டனத் தீர்மானம் வந்தது. வாலிபராயிருந்த விபின சந்திர பாலர் அதை ஆதரித்துப் பேசினார். ஒரு தேசம் முழுவதையும் நிராயுதமாக்கிய இந்தச் சட்டத்தையே பிரிட்டிஷ் ஆட்சியின் தீச்செயல்களில் மிகக் கரியதாகச் சரித்திரம் கருதும் என்று, அஹிம்சையைப் போதித்த காந்தியடிகளே 1918ல் எழுதினார். 1931ல் கராச்சி காங்கிரஸ் வகுத்த அடிப்படை உரிமைகளில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்கும் உரிமையும் ஒன்று.

ஆகவே 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் எழுந்து, கராச்சியில் கொடுத்த வாக்கை அரசியல் சட்டத்தில் ஏற்ற வேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தது நியாயமான காரியமே. டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. பிரிட்டிஷார் நம்மை நிராயுதமாக்கியிருந்த காலத்தில் அந்தக் கோரிக்கைக்கு இருந்த காரணம் இப்பொழுது இல்லை. இதை உரிமையாக எழுதிவிட்டால் திருடனும் பழங்குற்றவாளியுங்கூட அதைக் கோருவார்கள். வேண்டுமானால் தேசம் அழைக்கும்போது ஆயுதம் ஏந்துவது கடமை என்று சொல்லலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். திருத்தம் தோற்றது. 1959ஆம் வருஷத்துச் சட்டம் பழைய சட்டத்தின் இடத்தில் வந்தது. நிற பேதம் ஒழிந்தது, லைசென்ஸ் நிலைத்தது. ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்ததை 2019ல் இரண்டாகக் குறைத்தார்கள்.

நமது முன்னோர் கேட்டது மானத்துக்காக என்பதைக் கவனிக்க வேண்டும். "நாங்கள் என்ன அடிமைகளா?" என்பது அவர்கள் கேள்வி. சிங்கப்பூர் நண்பர் கேட்பது உயிர்க் காப்புக்காக. முதற் கேள்விக்கு 1947ல் விடை கிடைத்தது. இரண்டாவது கேள்விக்குச் சரித்திரத்தை நீட்டிக் காட்டுவதில் பயனில்லை. கைத்துப்பாக்கி என்ற கருவியையே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

நீண்ட துப்பாக்கி தோளில் ஊன்றிச் சுடுவதற்கானது. கைத்துப்பாக்கி மறைத்து வைப்பதற்கும், எதிர்பாராமல் எடுப்பதற்கும், மிக அருகில் சுடுவதற்குமாகச் செய்யப்பட்டது. அமெரிக்கரான கோல்ட் 1836ல் பேடண்ட் பெற்ற ரிவால்வரில் தோட்டா அறைகள் கொண்ட உருளை ஒன்று சுழன்று, ஒவ்வொரு அறையாகக் குழலுக்கு நேரே வந்து நிற்கும். பிறகு பிரௌனிங் என்பவர், வெடித்த தோட்டாவின் பின்னுதைப்பையே வேலை வாங்கி, காலிக் கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் தட்டையான பிஸ்டலைச் செய்தார். அது சட்டைக்குள் ஒளியும். பெல்ஜியம் தேசத்துத் தொழிற்சாலை அதை ஆயிரமாயிரமாக வார்த்து உலகமெங்கும் அனுப்பிற்று. ஒளிப்பதற்காகக் குழலைக் குறுக்கியபோது குறி தவறுவது சுலபமாயிற்று. பிடித்த கை ஒரே ஒரு பாகை விலகினால் 10 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் விலகிப்போகும். இது வெறும் கணக்கு. நடுநிசியில், தூக்கம் கலைந்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, நடுங்கும் கையால் எழுபத்தைந்து வயதுக்காரர் சுடும்போது விலகுவது ஒரு பாகைதானா?

நேரத்தையும் இடத்தையும் தெரிந்தெடுப்பவனுக்கே கைத்துப்பாக்கி அனுகூலமானது. நமது நாட்டுச் சரித்திரத்திலேயே பார்க்கலாம். 1911 ஜூன் 17ல் மணியாச்சி ஜங்ஷனில் வாஞ்சி பிரௌனிங் பிஸ்டலோடு முதல் வகுப்பு வண்டியில் ஏறியபோது, கலெக்டர் ஆஷின் பின்னால் ஜில்லாவின் போலீஸ் முழுவதும் இருந்தது. அருகில் இருந்தது அவர் மனைவி மட்டுமே. வாஞ்சியின் தியாகத்தை இங்கே எடைபோட நாம் வரவில்லை. அந்தக் கருவி செய்யும் வேலையை மட்டும் சொல்லுகிறோம். 1948 ஜனவரி 20ல் பிர்லா மாளிகையில் வெடிகுண்டு வெடித்த பின்பும், பிரார்த்தனைக்கு வருவோரைப் போலீஸார் சோதனையிடுவதற்குக் காந்தியடிகள் இணங்கவில்லை. பத்தாம் நாள் ஓர் இத்தாலிய பெரெட்டா பிஸ்டலின் மூன்று குண்டுகள் அவரைச் சாய்த்தன. 1967 ஜனவரி 12ல் ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரைச் சுட்ட எம்.ஆர். ராதா, வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர். சுடப்பட்டவர்களின் மடியில் ஒரு ரிவால்வர் இருந்திருந்தால் இந்த மூன்றில் எது மாறியிருக்கும்?

"அப்படியானால் கொள்ளைக்காரனுக்குக் கழுத்தை நீட்டவா?" என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். வேண்டியதில்லை. சட்டம் அப்படிச் சொல்லவும் இல்லை. பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளும், 2024 ஜூலை முதல் அவற்றின் இடத்தில் அமலுக்கு வந்த பாரதீய நியாய சம்ஹிதையின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளும் தற்காப்பு உரிமையைத் தெளிவாக ஒப்புக்கொள்கின்றன. உயிருக்கு ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் நிலையில் எதிரியின் உயிரைப் போக்கினாலும் குற்றமில்லை. ஆனால் அவசியத்துக்கு மேல் தீங்கு செய்யலாகாது. அதிகாரிகளின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமை இல்லை. பஞ்சாபில் தகப்பனார் தாக்குண்டதைக் கண்டு லைசென்ஸ் துப்பாக்கியால் சுட்ட ஒருவரைக் கீழ்க் கோர்ட்டு விடுவித்தது, ஹைகோர்ட்டு தண்டித்தது, 2010ல் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் விடுவித்து, தாக்கப்படுபவன் கோழையாக ஓட வேண்டுமென்று சட்டம் எதிர்பார்க்கவில்லை என்று விளக்கிற்று. உரிமை உண்டு. ஆனால் மூன்று கோர்ட்டுகளின் படிகளை ஏறி இறங்கும் சக்தி எத்தனை குடும்பங்களுக்கு உண்டு என்பது, கறுப்பங்கி போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. லைசென்ஸ் யார் கைக்குப் போய்ச் சேருகிறது? சொத்துள்ளவனுக்கும் செல்வாக்குள்ளவனுக்கும்தான் அது எளிதில் கிட்டும். டில்லியில் 2012 டிசம்பரில் நடந்த கொடுமைக்குப் பின், பெண்களின் பாதுகாப்புக்கென்று கான்பூர் சர்க்கார் தொழிற்சாலை 2014ல் 'நிர்பீக்' என்றொரு சிறிய ரிவால்வரை வெளியிட்டது. கனம் அரைக் கிலோ. விலை ஒரு லக்ஷத்து இருபதினாயிரத்துக்கு மேல். இரவு வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் நூல் ஆலைப் பெண்ணுக்கு அது எட்டுமா? 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணிச் சேரிக்குள் துப்பாக்கியோடு புகுந்தவர்கள் நிலச்சுவான்தார்களின் ஆட்கள். குடிசைக்குள் எரிந்து மாண்ட 44 பேர் கூலி உழைப்பாளிகளும் அவர்கள் பெண்டு பிள்ளைகளும். சேரியாருக்கும் துப்பாக்கி கொடுத்திருக்கலாமே என்று ஒருவர் நம்மிடம் வாதித்ததுண்டு. கலெக்டர் காரியாலயத்தில் அந்த விண்ணப்பம் எந்த மேஜையோடு நின்றிருக்கும் என்று திருப்பிக் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை.

ஆயுத உரிமையை அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்த தேசம் அமெரிக்கா. வீட்டில் தற்காப்புக்குக் கைத்துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்று அதன் சுப்ரீம் கோர்ட்டு 2008ல் தீர்ப்பளித்தது. அங்கே 2021ஆம் வருஷத்தில் மட்டும் துப்பாக்கியால் மாண்டவர்கள் 48,830 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைக் கொன்றது திருடனுமல்ல, பகைவனுமல்ல. தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள் அவர்கள். கலிபோர்னியாவில் 2 கோடியே 60 லக்ஷம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து கணக்கெடுத்து 2020ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கைத்துப்பாக்கி வாங்கிய ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, வாங்காதவர்களைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு என்று அது கண்டது. மனம் உடைந்த ஓர் இரவு எந்த வீட்டுக்கும் வரக்கூடும். அந்த இரவில் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதே விஷயம்.

அமெரிக்கா வெகு தூரம் என்பவர்களுக்கு நார்த்தாமலை அருகில் இருக்கிறது. 2021 டிசம்பர் 30ல் அங்குள்ள துப்பாக்கிப் பயிற்சித் தளத்தில் மத்தியப் படையினர் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தனர். குண்டு ஒன்று பயிற்சித் தளத்தைத் தாண்டிப் போய், தாத்தா வீட்டிலிருந்த பதினொரு வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் 2022 ஜனவரி 3ல் அவன் இறந்தான். சுட்டவர்கள் பயின்றவர்கள்; இடம் அதற்கென்றே ஒதுக்கப்பட்டது; மேற்பார்வைக்கு அதிகாரிகள் இருந்தனர். அது கைத்துப்பாக்கியன்று, நீள் குழல் துப்பாக்கி என்று வித்தியாசம் சொல்லலாம், சரிதான். கிராமத்துத் தெருவிலோ எதிர் வீட்டுத் திண்ணை நான்கு கஜ தூரத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு தேர்தலுக்கு முன்னும் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்படி கலெக்டர்கள் உத்தரவு போடுகிறார்கள். ஊரில் மனக்கசப்பு மிகுந்திருக்கும் வாரங்கள் அவை. ஆயுதம் அமைதியைத் தருமென்றால் அப்பொழுதல்லவா அதைக் கையில் கொடுக்க வேண்டும்? உத்தரவு நேர்மாறாயிருக்கிறது, அதைக் குறைகூறி எவரும் ஊர்வலம் போனதாக நாம் கேள்விப்படவில்லை.

நண்பரிடம் இவ்வளவையும் நாம் சொல்லவில்லை. "ரிவால்வரை எங்கே வைப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டோம். "பீரோவில் பூட்டித்தான். விடுமுறைக்குப் பேரப் பிள்ளைகள் வருவார்கள் அல்லவா?" "சாவி?" "அம்மாவிடம் இருக்கும்." "தோட்டா?" "அது வேறு பெட்டியில்." கதவை உடைத்து உள்ளே வருபவன், அம்மா சாவி எடுத்து, அப்பா தோட்டா எடுத்து நிரப்பும் வரையில் நடுவாசலில் காத்திருப்பானா என்று கேட்டோம். பூட்டாமல் தலையணைக்கடியில் வைத்தாலோ, வைகாசி விடுமுறையில் ஏழு வயதுப் பேரனின் கை அங்கே போகும்.

அவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அப்படியானால் நான் என்னதான் செய்ய?" என்றார். இரவு ரோந்துப் புத்தகத்தில் அந்தத் தெருவின் பெயர் இருக்கிறதா என்று ஸ்டேஷனில் விசாரிக்கச் சொன்னோம். லாக்கரில் வைக்கக்கூடிய நகையை லாக்கரில் வைக்கலாம். தெருக்கோடி விளக்கு எரிகிறதா என்று பார்க்கலாம். எதிர் வீட்டுச் சித்தப்பா மகன் இரவில் முன்கட்டில் வந்து படுக்கச் சம்மதிப்பாரா என்று கேட்கலாம். கடைசி யோசனை அவருக்குக் கசந்தது. பாகப் பிரிவினையில் வந்த பேச்சு வார்த்தை இல்லாத பகை, பன்னிரண்டு வருஷமாயிற்றாம். விண்ணப்பத்தைத் திருத்தி வாங்கிக்கொண்டார், கிழித்துப் போடவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திருமயம் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்துப் புறப்பட்டுப் போனார்.