அச்சில் ஏறிய பிழை



சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி தன் கட்டுரையில் ‘கண்கள் கலங்கியது’ என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்து, ‘கலங்கின’ என்று திருத்தினேன். மறுநாள் அவள், பள்ளி நூலகத்துக்கு அன்பளிப்பாக வந்த ஒரு நாவலை விரித்துக் காட்டினாள். “புத்தகத்துலேயே இப்படித்தானே சார் போட்டிருக்கு?” என்றாள். எனக்குச் சட்டென்று மறுமொழி வரவில்லை.

அந்நாவலாசிரியர் தோட்டத்தில் பிறந்தவர். தம் சேமிப்பைச் செலவிட்டுத் தாமே நூலை வெளியிட்டவர். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர் ஒவ்வோர் எழுத்தாகக் கையால் எடுத்து அடுக்குவார். தமிழறிந்தவரானால், “இது சரிதானா?” என்று கேட்பார். இன்று எழுத்தாளரே கணினியில் தட்டி அனுப்புகிறார். இடையில் கேட்பார் இல்லை.

‘கீரைக் கடை’ என்றால் கீரை விற்குமிடம். ‘கீரை கடை’ என்றால் மத்தை எடுத்துக் கீரையைக் கடையச் சொல்லும் ஏவல். ஓர் ஒற்று செய்யும் வேலை இது! ‘ஒவ்வொரு வீடுகளிலும்’ என்பதும் பிழையே. ‘ஒவ்வொரு வீட்டிலும்’ என்பதே சரி. கதைக்கே உரிய பிழைகளும் உண்டு. முதல் அத்தியாயத்து முனியம்மா ஏழாம் அத்தியாயத்தில் மாரியம்மா ஆகிவிடுவாள்.

ஆனால், திருத்துகிறேன் என்று பாத்திரத்தின் வாயைக் கட்டிவிடக் கூடாது. “வெள்ளன பெரட்டுக்குப் போவணும்” என்று பால்மரம் வெட்டும் பாட்டி சொன்னால், அது அவர் பேச்சு. அதை ‘அதிகாலையில் அணிவகுப்பிற்குச் செல்ல வேண்டும்’ என்று மாற்றினால், பாட்டி பட்டாளத்துக்குப் போய்விடுவார்! இலக்கணம் பார்க்க வேண்டியது ஆசிரியர் தம் குரலில் கதை சொல்லும் இடங்களில்தான்.

எழுதியவருக்குத் தம் பிழை எளிதில் தென்படாது. மனம் அறிந்ததையே கண் படித்துக்கொண்டு போகும். ஆகவே கையெழுத்துப் படியை ஒரு மாதம் மூடி வையுங்கள். பின்னர் வாய்விட்டுப் படியுங்கள். கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்தால், கதை நம்மை இழுத்துச் செல்லாது. சொல் மட்டும் தெரியும். அதன்பிறகும் வேறொருவர் பார்த்தே ஆக வேண்டும்.

நான் அந்நாவலாசிரியருக்குப் பிழைப் பட்டியல் ஒன்று அனுப்பினேன். நெடுநாள் பதிலில்லை, கோபம் போலும் என்றிருந்தேன். பிறகு அவருடைய அடுத்த நாவலின் கையெழுத்துப் படி அஞ்சலில் வந்தது. இதுவரை அறுபது பக்கம் பார்த்திருக்கிறேன்.