உள்நாட்டுப் பாதுகாப்பு: ஸ்கூடாய் மாணவர் எந்தப் பட்டத்தைத் தேர்வது?

2024 மே 17. விடியும் முன்னே ஜொகூரின் உலு திராம் காவல் நிலையத்துக்குள் ஓர் இளைஞன் புகுந்து தாக்கினான். காவலர் இருவர் உயிரிழந்தனர், மூன்றாமவர் காயமடைந்தார், தாக்கியவன் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டான். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2019 மார்ச்சில், பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவு காற்றில் பரவி ஆயிரக்கணக்கானோரை மருத்துவ உதவி தேடி ஓட வைத்தது. அவ்வட்டாரத்தின் 111 பள்ளிகள் மூடப்பட்டன. 2006 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும் பெய்த மழையில் ஜொகூரில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர்.

கத்தி, நச்சுக்காற்று, வெள்ளம். மூன்றும் ஒரே மாநிலத்தில் நடந்தவை. மூன்றையும் ஒரே துறையின் கீழ் வைத்துப் படிப்பதுதான் உள்நாட்டுப் பாதுகாப்புக் கல்வி.

எங்கே தொடங்கியது?

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா 22 அரசு அமைப்புகளை ஒன்றாக இணைத்து, உள்நாட்டுப் பாதுகாப்புக்கென ஓர் அமைச்சை உருவாக்கியது. 2003 மார்ச் 1 முதல் அது இயங்கத் தொடங்கியது. அதற்கு ஆள் வேண்டுமென்று பல்கலைக்கழகங்கள் அதே பெயரில் இளங்கலைப் பட்டங்களைத் திறந்தன. தொடக்கத்தில் பயங்கரவாதமே பாடத்தின் மையம். 2005-இல் கத்ரீனா புயல் நியூ ஓர்லியன்சை மூழ்கடித்தபோது பேரிடர் மேலாண்மையும் சம இடம் பிடித்தது. இன்று எல்லைக் காவல், இணையப் பாதுகாப்பு, உளவுத் தகவல் ஆய்வு, அவசரகாலத் திட்டமிடல், சட்டம் ஆகிய ஐந்தும் பெரும்பாலான பாடத்திட்டங்களில் இருக்கின்றன.

மலேசியாவில் இந்தப் பொறுப்பு பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. காவல்துறையும் குடிநுழைவுத் துறையும் உள்துறை அமைச்சின் கீழ். பேரிடருக்கு, 2014 இறுதியில் கிழக்குக் கரையை மூழ்கடித்த வெள்ளத்தை அடுத்து 2015-இல் அமைந்த நட்மா முகமை. இணையத்துக்கு 2017-இல் வந்த நக்சா முகமை. நுழைவாயில்களைக் காக்க 2025-இல் பணி தொடங்கிய எல்லைக் கட்டுப்பாட்டுப் பாதுகாப்பு முகமை. வேலை இப்படிப் பிரிந்திருப்பதால் படிப்பும் பிரிந்தே இருக்கிறது.

ஸ்கூடாயில் என்ன படிக்கலாம்?

ஜொகூரிலுள்ள ஸ்கூடாயின் அடையாளமான மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், சுருக்கமாக யூடிஎம், இப்பெயரில் பட்டம் தருவதில்லை. ஆனால் துறையின் கனமான பகுதிகள் அதன் வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன.

முதலாவது, கணினி வலையமைப்பும் பாதுகாப்பும் சார்ந்த கணினி அறிவியல் பட்டம். இதற்கான தேவை சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. 2024 ஆகஸ்ட் 26-இல் நடைமுறைக்கு வந்த இணையப் பாதுகாப்புச் சட்டம், வங்கி, மின்சாரம், நீர், போக்குவரத்து, சுகாதாரம் உள்ளிட்ட 11 துறைகளின் முக்கியக் கணினி அமைப்புகளுக்குப் பொருந்துகிறது. அவற்றை நடத்துவோர் ஆண்டுக்கு ஒரு முறையாவது அபாய மதிப்பீடு செய்ய வேண்டும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது தணிக்கை நடத்த வேண்டும். ஊடுருவல் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் முதல் தகவல் தர வேண்டும். இவற்றைச் செய்ய அந்த 11 துறைகளிலும் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். ஸ்கூடாயைச் சுற்றியுள்ள கூலாய், இஸ்கண்டார் புத்ரி பகுதிகளில் பெருகிவரும் தரவு மையங்களும் இதே அறிவைத்தான் தேடுகின்றன.

இரண்டாவது, இரசாயனப் பொறியியல். கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்டது எந்த வாயுவை வெளியேற்றுகிறது, காற்று எந்தப் பக்கம் கொண்டுபோகும், எந்தப் பள்ளியை முதலில் காலி செய்வது என்று சொல்லத் தெரிந்தவரே அன்று தேவைப்பட்டார். மூன்றாவது, நில அளவையும் புவித் தகவலியலும். வெள்ளம் எந்தத் தாமானுக்குள் முதலில் ஏறும் என்று வரைபடத்தில் காட்டுவதும் உயிர் காக்கும் வேலைதான்.

பாதுகாப்பு என்ற பெயரோடே படிக்க விரும்புவோர் கோலாலம்பூரின் சுங்கை பீசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். அங்கே வியூகக் கல்வியிலும் கணினிப் பாதுகாப்பிலும் இளங்கலைப் பட்டங்கள் உண்டு.

தொழில்நுட்பம் மட்டும் போதுமா?

போதாது என்பதற்கு ஸ்கூடாயிலேயே கசப்பான சான்று இருக்கிறது. ஜெமா இஸ்லாமியா என்ற பயங்கரவாத இயக்கத்தின் குண்டு தயாரிப்பாளராகத் தேடப்பட்ட அஸஹாரி ஹுசின் யூடிஎம்-இல் விரிவுரையாளராக இருந்தவர். அவருடைய கூட்டாளி நூர்டின் முகமட் டோப் அங்கே படித்தவர். 2002 அக்டோபர் 12-இல் அந்த இயக்கம் பாலியில் நடத்திய குண்டுவெடிப்பில் 202 பேர் மாண்டனர். இந்தோனேசியக் காவல்துறையின் நடவடிக்கைகளில் அஸஹாரி 2005-இலும் நூர்டின் 2009-இலும் கொல்லப்பட்டனர். படித்த மனிதர் ஏன் அந்தப் பாதைக்குப் போகிறார், யார் அவரைத் தடுத்திருக்க முடியும் என்ற கேள்விகளுக்கு உளவியலும் சமூகவியலும்தான் பதில் தேடுகின்றன. பொறியியல் மாணவரும் இவற்றை விருப்பப் பாடங்களாகவாவது எடுப்பது நல்லது.

சட்டத்தை ஏன் விடக்கூடாது?

மலேசியத் தமிழர்களுக்கு இந்தக் கேள்வி புத்தகத்தோடு நிற்பதில்லை. 2007 நவம்பர் 25-இல் இந்தியர் உரிமை கோரி இண்ட்ராப் இயக்கம் நடத்திய பேரணிக்குப் பிறகு அதன் தலைவர்கள் ஐவர், விசாரணையின்றிக் காவலில் வைக்க அனுமதித்த இசா சட்டத்தின் கீழ் கமுந்திங் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட்டனர். 2012-இல் இசா நீக்கப்பட்டு சொஸ்மா சட்டம் வந்தது. அதன் கீழ் சந்தேக நபரை 28 நாள் வரை தடுத்து வைக்கலாம்.

2019 அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டில் 12 பேர் சொஸ்மாவின் கீழ் கைதாகினர். அவர்களில் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். 2020 பிப்ரவரியில் அன்றைய சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்கைத் தொடர மறுத்தார். ஒரு தலைவரின் படத்தைக் கைப்பேசியிலோ முகநூலிலோ வைத்திருப்பது ஒருவரைப் பயங்கரவாதி ஆக்கிவிடாது என்பது அவர் சொன்ன விளக்கத்தின் சாரம். அதற்குள் அந்தக் குடும்பங்கள் பல மாதங்களைச் சிறை வாசலில் கழித்துவிட்டன.

எது அச்சுறுத்தல், எது வெறும் உணர்வு என்று பிரித்தறியும் அதிகாரி, கோப்பு நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே அந்தத் துறையில் இருக்க வேண்டும். மொழியும் சமூகமும் தெரிந்த தமிழ் இளைஞர்கள் காவல்துறையிலும் குடிநுழைவிலும் இணையப் பாதுகாப்பிலும் அமர்வதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. அவர்களுக்குக் குற்றவியல் சட்டமும் மனித உரிமையும் தொழில்நுட்பத்துக்கு நிகரான பாடங்கள்.

விண்ணப்பிக்கும் முன்

எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் முடித்தவர்கள் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு யூபியூ வழியாக விண்ணப்பிக்கும்போது பட்டத்தின் பெயரை விட்டுவிட்டு நான்கு ஆண்டுப் பாடப்பட்டியலைக் கேட்டுப் பார்க்க வேண்டும். தனியார் கல்லூரியானால் எம்கியூஏ தரச்சான்று இருக்கிறதா என்பதையும், தொழிற்பயிற்சிக்கு மாணவர்களை எங்கே அனுப்புகிறார்கள் என்பதையும் விசாரிப்பது அவசியம். சீருடைப் பணிக்குப் பட்டம் மட்டும் போதாது. உடல்தகுதித் தேர்வும் நேர்காணலும் உண்டு, மலாய் மொழியில் சரளமாக எழுதவும் பேசவும் வேண்டும்.

முதுகலைக்குப் போக விரும்புவோருக்குச் சிங்கப்பூர் செல்லும் இரண்டாவது பாலத்தின் மறுகரையில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் எஸ். ராஜரத்தினம் அனைத்துலகக் கல்விப் பள்ளி தேசியப் பாதுகாப்பு ஆய்வுக்குப் பெயர் பெற்றது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவில் வளர்ந்து, சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சரான தமிழரின் பெயரை அது 2007 முதல் தாங்கி வருகிறது.